குறி தவறலாம், தாளம் தவறாது: ரெஸ் இன்ஃபினிட்டோடு ஏழு ஆண்டுகள்

வாங்கிய விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை ஒருமுறை முடித்ததோடு சரி, பிறகு அந்தப் பக்கமே போனதில்லை. ரெஸ் இன்ஃபினிட் என்ற வீடியோ விளையாட்டை மட்டும் ஏழு ஆண்டுகளாக அழிக்காமல் வைத்திருக்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று இரவுகளாவது விளக்கை அணைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன். பழகிய கை ஒரே மூச்சில், ஒரு படம் பார்க்கும் நேரத்துக்குள் முழு விளையாட்டையும் முடித்துவிடும். இவ்வளவு சிறிய ஒன்று என்னை இத்தனை காலம் எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எடன் என்ற செயற்கை அறிவு, தனக்குள் பாயும் தகவல் வெள்ளத்தைத் தாங்க முடியாமல் தன்னையே மூடிக்கொள்கிறது. வலைப்பின்னலுக்குள் புகுந்து நாம் அதை எழுப்ப வேண்டும். பறக்கும் பாதையை விளையாட்டே பார்த்துக்கொள்ளும், குறி பார்ப்பது மட்டும்தான் நம் வேலை. பட்டனை அழுத்திப் பிடித்தபடி எதிரிகள் மேல் குறியை ஓட்டினால் எட்டு இலக்குகள் வரை பூட்டிக்கொள்ளலாம். பட்டனை விட்டதும் எட்டும் வரிசையாகப் பாயும்.

இதில் என்ன புதுமை என்று முதல் நாள் நானும் நினைத்தேன். விஷயம் சத்தத்தில் இருக்கிறது. நீங்கள் பட்டனை விடும் கணத்தில் குண்டு வெடிப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் அடுத்த நுண்துடிப்பு வரும்வரை காத்திருந்து, அதன்மேல் சரியாக வந்து விழுகிறது. நிமிடத்துக்கு 120 துடிப்பு ஓடும் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துடிப்பு அரை நொடி. அதை நாலாகப் பிரித்தால் நொடியில் எட்டில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன இடைவெளி, அதுவும் தாளத்தோடு பொருந்தி முடியும்போது, பெரும்பாலும் தாமதமாகவே படாது. "சரியான நேரத்தில் நான்தான் தட்டினேன்" என்றே மனம் நம்பிவிடும். சுட்ட ஒவ்வொன்றும் கைத்தட்டலாக, சிம்பலாக, ஒரு சின்ன மெட்டாகப் பாட்டோடு சேர்ந்துகொள்கிறது. கன்ட்ரோலரும் அதே துடிப்பில் உள்ளங்கையில் அதிர்கிறது.

தாள விளையாட்டுகள் என்று நாம் வழக்கமாகச் சொல்பவை பரீட்சை வைப்பவை. அம்பு கோட்டைத் தொடும்போது தட்டு, தவறினால் மதிப்பெண் போச்சு. ரெஸ் அந்த வழிக்கே போகவில்லை. தாளம் தெரியாத கையையும் தாளத்துக்குள் இழுத்து உட்காரவைக்கிறது. கச்சேரிக்கு வந்தவரை மேடைக்கு அழைத்து, கையில் ஒரு வாத்தியத்தைக் கொடுத்து, அபஸ்வரம் வராமல் பார்த்துக்கொள்வது போன்ற பெருந்தன்மை அது. அதன் ஈர்ப்பு எனக்கு முழுக்க முழுக்க இங்கேதான் இருக்கிறது.

இது தற்செயலாக வந்ததும் இல்லை. 2001-இல் டிரீம்காஸ்ட், பிளேஸ்டேஷன் 2 ஆகிய விளையாட்டுக் கருவிகளில் வந்த ரெஸ் என்ற மூல விளையாட்டின் தயாரிப்பாளர் டெட்சுயா மிசுகுச்சி, ஒலியை நிறமாக உணரும் புலன் கலப்பைப் பற்றியும் ஓவியர் வாசிலி கண்டின்ஸ்கியைப் பற்றியும் தொடர்ந்து பேசிவந்தவர். ஜப்பானில், அதிர்வை உடம்பில் உணர்வதற்கென்றே டிரான்ஸ் வைப்ரேட்டர் என்ற தனிக் கருவியையும் இதனோடு விற்றார்கள். கண், காது, தோல் மூன்றும் ஒரே செய்தியைப் பெற வேண்டும் என்பதில் அவ்வளவு பிடிவாதம். கோட்டோவியம் போன்ற அந்தக் காட்சிகள் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பழசாகத் தெரியாததற்கு, அவை நிஜத்தைப் போலிருக்க முயலவே இல்லை என்பதுதான் காரணம்.

ஒவ்வொரு பகுதியும் பத்து அடுக்குகள். தொடக்கத்தில் வெறும் அடித்தாளம் மட்டும் இருக்கும். அடுக்கைத் திறக்கும் கனசதுரத்தை நீங்கள் சுட்டால்தான் பாட்டில் அடுத்த இழை சேரும். பாட்டு எப்போது விரிய வேண்டும் என்பது உங்கள் கையில். சக்திப் பட்டை என்று திரையில் எதுவும் கிடையாது. நம் உருவமே உயிர். அடிபட்டால் ஒரு படி கீழான உருவத்துக்கு இறங்குவோம், எதிரிகள் உதிர்ப்பவற்றைச் சேர்த்துச் சேர்த்து மேலேறுவோம். நான்காம் பகுதியில், கட்டங்களால் ஆன ராட்சத மனித உருவம் ஒன்று நமக்கு முன்னால் ஓடும். அதைத் துரத்தும்போது இன்றைக்கும் நெஞ்சு படபடக்கிறது.

ஐந்தாம் பகுதி வேறு உலகம். இசைக்கலைஞர் ஆடம் ஃப்ரீலாண்டின் இசை மெல்லப் பெருகிவர, பூமியில் உயிர் தோன்றி வளர்ந்த கதை விரிகிறது. முதன்முறை அதை முடித்தபோது கன்ட்ரோலரைக் கீழே வைக்கவே சில நிமிடங்கள் ஆயின. மனசு கனத்த ஒரு காலத்தில் இந்த ஒரு பகுதியை மட்டும் இரவுதோறும் ஓட்டியிருக்கிறேன். சாகாமல் பயணிக்கும் டிராவலிங் முறை இதற்காகவே இருக்கிறது. மதிப்பெண் முறையை நான் தொட்டே பல ஆண்டுகள் ஆகின்றன. எட்டு எட்டாகப் பூட்டினால்தான் அதில் புள்ளி ஏறும், அந்த அவசரத்தில் பாட்டு காதில் விழாது.

2016-இல், மூல ரெஸ்ஸின் புதுப்பதிப்பான இன்ஃபினிட்டோடு சேர்ந்த ஏரியா எக்ஸ் என்ற புதுப் பகுதியில் தண்டவாளம் இல்லை, அதாவது விளையாட்டே நம்மை இழுத்துச் செல்லும் பாதை இல்லை. துகள்களாலான வெளியில் நினைத்த பக்கம் பறக்கலாம். அரை மணிகூட ஓடாது. வி.ஆர். (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டில் எதிரி உடைந்து ஒளித்தூளாக நம்மைக் கடந்துபோவது சொல்லில் அடங்காத அழகு. ஆனால் ஹெட்செட்டில் தலைசுற்றல் வருபவர்கள் முதலில் தண்டவாளப் பகுதிகளில் பழகிக்கொள்ளுங்கள். திரை விடாமல் மின்னும். ஒளி மின்னலால் வலிப்பு வரக்கூடியவர்கள் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். புளூடூத் ஹெட்போன் வேண்டாம். படத்துக்கும் அதிர்வுக்கும் ஒலி பிந்தி வந்தால் மேலே சொன்ன மாயம் மொத்தமும் கலைந்துவிடும். நான் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் விளையாடி, எல்லோரும் ஏன் இதைக் கொண்டாடுகிறார்கள் என்று புரியாமல் இருந்தேன். வயர் ஹெட்போன் போடுங்கள், டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடை இயக்குங்கள்.

இப்போதெல்லாம் எட்டு இலக்கு கிடைத்தாலும் எட்டையும் பூட்டுவதில்லை. இரண்டைப் பூட்டி விட்டால் இரண்டு தட்டு. நாலைப் பூட்டி, கொஞ்சம் பொறுத்து, பாட்டு அமைதியாகும் இடத்தில் விட்டால் மிருதங்கக்காரர் தாளத்தை முடித்துவைக்கும் ஒரு சின்னத் தீர்மானம் வைத்ததுபோல் இருக்கும். போன வாரம் முதல் பகுதியில் மூன்றாவது அடுக்கைத் திறக்கும் முன், கனசதுரத்தைச் சுடாமல் விட்டு, அடித்தாளத்தின் மேல் இரண்டு இரண்டாகவே தட்டிக்கொண்டு போனேன். ஏழு ஆண்டுகளில் அப்படி ஒரு பாட்டை நான் கேட்டதே இல்லை.