நிறம் மாறும் சாயத்துக்கு எந்த பாலிமர்? அக்ரிலிக், பாலிஸ்டைரீன், சிலிக்கான் ரப்பர்

தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளில் ஒளியால் நிறம் மாறும் சாயத்தை ப்ராஜெக்டுக்கு எடுப்பவர்கள், சாயத்துக்குக் காட்டும் அக்கறையை அது உட்காரும் பாலிமருக்கும் காட்ட வேண்டும். முடிவைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது அதுதான்.

இத்தகைய சாயங்களில் ஒன்றான நைட்ரோ ஸ்பைரோபைரானையே எடுத்துக்கொள்வோம். 365 நானோமீட்டர் புறஊதா டார்ச் பட்டதும் ஒரு கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு அறுந்து, நிறமற்ற மூலக்கூறு தட்டையாக விரிந்து நிறமுள்ள மெரோசயனின் ஆகிறது. இருட்டில் வைத்தால் தானாகவே பழைய வடிவத்துக்குத் திரும்பும். விரியவும் மடங்கவும் அதற்கு இடம் வேண்டும்.

அக்ரிலிக் இளகத் தொடங்குவது சுமார் 105 டிகிரியில், பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரியில். அறை வெப்பத்தில் இரண்டுமே இறுகியவை. அதனால் இந்த ஜோடியில் பளிச்சென்று தெரிவது மின்முனைவின் (மூலக்கூறில் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதன்) விளைவு; அது அக்ரிலிக்கில் அதிகம்: அக்ரிலிக்கில் நிறம் ஊதாப் பக்கம் சாயும், பாலிஸ்டைரீனில் நீலம் கூடும். இரண்டிலும் நிறம் மெதுவாகத்தான் போகும். முதலில் வேகமாகக் குறைந்து, பிறகு இழுத்துக்கொண்டே நிற்கும். எல்லா மூலக்கூறுக்கும் ஒரே அளவு இடம் கிடைக்காததே காரணம். ஆகவே ஒற்றை அரை ஆயுளை மட்டும் எழுதாதீர்கள்; நிறம் பாதியாகவும் கால்வாசியாகவும் குறைய ஆகும் நேரம் இரண்டையும் குறியுங்கள்.

படலத்துக்கு 1 கிராம் பாலிமர், கரைப்பானாக 10 மி.லி. டொலுயீன், 10 மி.கி. சாயம். ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வகப் பெட்டிக்குள் (fume hood) கரைத்து, மைக்ராஸ்கோப் ஸ்லைடுக்கு 1 மி.லி. ஊற்றி, ஓட்டையுள்ள மூடியால் மூடி இரவு முழுக்க உலரவிடுங்கள். பிறகு 60 டிகிரி அடுப்பில் ஒரு நாள். இதைத் தவிர்த்தால் மிச்ச டொலுயீன் பாலிமரை இளக்கி, நிறம் பொய்யாக வேகமாக மறையும். பெயர்ப்பலகைக் கடையின் அக்ரிலிக் துண்டும் வேண்டாம். பலவற்றில் புறஊதாத் தடுப்பான் கலந்திருக்கும்; ஒளி சாயத்தை எட்டாது.

சிலிக்கான் ரப்பரின் கதை வேறு. குளிரில் அது இறுகுவதே மைனஸ் 125 டிகிரி வாக்கில் என்பதால், அறை வெப்பத்தில் மூலக்கூறு மடங்கத் தாராளமாக இடம் கிடைத்து நிறம் சட்டென்று போய்விடும். ஆனால் சாயம் அதில் சரியாகக் கரையாது. அதிகம் போட்டால் படிகமாகிப் படலம் மங்கும். திரவக் கலவையை ரப்பராக உறையவைக்கும் பிளாட்டின வினையூக்கியையும் சில நைட்ரஜன் சேர்மங்கள் கெடுத்துவிடும். ஏற்கெனவே உறைந்த ரப்பர் துண்டைச் சாயமுள்ள டொலுயீனில் ஊறவைத்து உலர்த்துவதே நல்ல வழி. ஆக்சிஜன் எளிதில் ஊடுருவுவதால் சாயம் சீக்கிரம் சிதையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கெட்டியான பாலிமர், வேகமாக மறையும் நிறம் என்ற இரண்டு நன்மையும் வேண்டுமா? ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் 2005-இல் சாய மூலக்கூறோடு வால்போல நெகிழும் சிலிக்கான் சங்கிலியைப் பிணைத்து, இறுகிய லென்ஸ் பாலிமருக்குள்ளேயே நிறம் வேகமாக மறையச் செய்தார்கள். எனக்கு மிக அழகாகப் படும் தீர்வு இது: லென்ஸ் கெட்டியாகவே இருக்கிறது, சாயத்தைச் சுற்றி மட்டும் இளக்கம்.

அளவீட்டைச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் செய்யாதீர்கள். படலம் சூடேறினால் நிறம் வரும்போதே மறையும். கோடையில் நிறம் மாறும் மூக்குக்கண்ணாடி போதிய அளவு கறுக்காததும் இதனால்தான். அறைக்குள் ஒரே வெப்பநிலையில் அளவிடுங்கள்.

மாதக்கணக்கில் நிறம் நிற்க வேண்டுமென்றால் பாலிமரை மாற்றிப் பயனில்லை. டைஅரைல்ஈத்தீன் சாயத்துக்குப் போங்கள். அதைத் திருப்ப இருட்டு போதாது, காணுறு ஒளி வேண்டும்.