பிஸ்மார்க் பனை என்று சொல்லிப் பனங்கன்றை விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

2018 நவம்பரில் கஜா அடித்த ராத்திரி, பட்டுக்கோட்டை பக்கம் எங்கள் வீட்டைச் சுற்றி நின்ற 11 தென்னையும் சாய்ந்துவிட்டன. வாசல் வெறிச்சென்று ஆனது. மறுபடி தென்னை வைக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. அப்புறம் ஒரு கல்யாண மண்டப வாசலில் வெள்ளி நிறத்தில் விசிறி விசிறியாக ஒரு மரம் நிற்பதைப் பார்த்தேன். பிஸ்மார்க் பனை, மடகாஸ்கர் மரம் என்றார்கள். வைத்தால் இதைத்தான் வைப்பது என்று முடிவு செய்தேன்.

2021-ல் வாட்ஸப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, வெளியூர் நர்சரி ஒன்றில் 3 கன்று வாங்கினேன். ஒன்று 2,200 ரூபாய், பார்சல் செலவு தனி. வந்தவை முழங்கால் உயரம்கூட இல்லை. வாள் மாதிரி இரண்டு மூன்று இலை, எல்லாம் பச்சை. போன் செய்து கேட்டதற்கு, "சின்னதுல பச்சையாத்தான் சார் இருக்கும், மூணு வருஷத்துல வெள்ளியாயிடும்" என்றார். பிஸ்மார்க்கில் பச்சை ரகமும் உண்டு என்று படித்திருந்ததால் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

மழைக்காலத்தில் எங்கள் வாசலில் தண்ணீர் தேங்கும். அதற்காக 2 அடி மேடு கட்டி, மணல் கலந்து, 20 அடி இடைவெளி விட்டு நட்டேன். பெரிய மரமாகிவிடும் என்று நடுவில் வேறு எதுவும் வைக்கவில்லை. ஆடு மேயாமல் வேலி போட்டு மூன்று கோடை தண்ணீர் ஊற்றினேன்.

2024-ல் முதல் விசிறி இலை விரிந்தது. அந்தச் சமயம் தெருவுக்கு நுங்கு வெட்ட வந்த பெரியவர் பார்த்துவிட்டு, "தம்பி, வடலிய எதுக்கு வாசல்ல வச்சு வேலி கட்டியிருக்கீங்க?" என்றார். மட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டு ஓரமும் ரம்பப் பல்லாக, கறுத்த கருக்கு. மூன்றும் நம்மூர்ப் பனை.

பனைமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கஜாவில் எங்கள் தெருவில் நின்றது அதுதான். ஆனால் வாய்க்கால் கரையில் கொட்டை ஊன்றினால் தானாக வரும் கன்றுக்கு 6,600 ரூபாயும் மூன்று வருஷமும் போயிருக்கின்றன. நர்சரிக்காரர் முதலில் "உங்க மண்ணுதான் சார் காரணம்" என்றார். படம் அனுப்பியதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார். பில் கேட்டு வாங்காதது என் தப்பு. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருஷம்தான் வரம்பு. இலை விரிவதற்குள் அது ஓடிவிடுகிறது.

ஆகவே, விசிறி இலை ஒன்றாவது விரிந்த கன்றை மட்டும், அதுவும் நேரில் போய்ப் பார்த்து வாங்குங்கள். பிஸ்மார்க் மட்டையில் வெள்ளை மாவு பூசினாற்போல் இருக்கும், பழுப்புச் செதில் தெரியும், பனையைப் போன்ற முரட்டுக் கருக்கு இருக்காது. வெள்ளி ரகத்தின் இளம் இலையோரத்தில் செவ்வூதாச் சாயல் ஓடும். மண்ணை உதறி வேரை மட்டும் சுற்றி அனுப்புகிறேன் என்றால், அசல் பிஸ்மார்க்காக இருந்தாலும் வேண்டாம். வேர் அடிபட்டால் அது பிழைப்பது கஷ்டம்.

போன வாரம் மன்னார்குடியில் இருக்கும் என் சித்தப்பா ஒரு விளம்பரத்தை அனுப்பி, வாங்கலாமா என்று கேட்டார். அதே படம், அதே எண். கன்று 3,000 ரூபாய் என்று போட்டிருக்கிறது.