கரிய எல்ஃப்களின் கதைச் சீட்டுகள்: பன்னிரண்டாம் சீட்டில் துருத்தி எங்கே?

போன ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போயிருந்தோம். கடைசி வரிசையில் ஒரு சின்னக் கடை. என் மகள் அங்கே இந்தப் பெட்டியை எடுத்தவள் கீழே வைக்கவே இல்லை. உள்ளே 36 படச்சீட்டுகள், 24 பக்கத்தில் ஒரு குறிப்பேடு, விலை 480 ரூபாய். வட ஐரோப்பாவின் பழைய கதைகளில் எல்ஃப்கள் என்று ஒரு மாய இனம் வரும், அதில் கரிய எல்ஃப்களைப் பற்றியது. சீட்டைக் கலைத்து ஆளுக்கு ஐந்து பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் ஆள் தன் சீட்டில் உள்ளதை வைத்துக் கதையை ஆரம்பிப்பார், அடுத்தவர் தன் சீட்டைக் கோத்துத் தொடர வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். தமிழில் இப்படி ஒரு பொருளை இந்த விஷயத்துக்காக யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

நான் கோயமுத்தூரில் கணபதி பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் சென்னிமலைக்குப் பக்கம். அப்பா கொல்லுப்பட்டறைக்காரர். கலப்பைக் கொழு, களைக்கொத்து, அரிவாள், வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா என்று எல்லாம் அடிப்பார். ஆறாவது படிக்கும்போதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்தால் துருத்தி இழுப்பது என் வேலை. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் நொய்யல் கரையில்தான் கொடுமணல். பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளும், மணிகள் செய்த பட்டறைகளும் அங்கே தோண்டி எடுக்கப்பட்டன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது அந்த ஊர்தான் என்கிறார்கள். மண்ணுக்கடியிலிருந்து இரும்பும் கல்லும் எடுத்து அதிசயம் செய்யும் ஆட்கள் என்றால் எனக்கு அது தூரதேசத்துக் கதையாகப் படுவதில்லை. அதனால்தான் இந்தக் கதைகளை நான் முன்பே தேடிப் பிடித்து ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்திருந்தேன். அதை வைத்துக்கொண்டுதான் இந்தப் பெட்டியைப் பார்க்கிறேன்.

குறிப்பேட்டின் முதல் பாதி நன்றாக இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் இருந்த ஸ்நோரி ஸ்டர்லூசன் என்பவர் எழுதிவைத்த எட்டா என்ற கதைநூல்தான் நமக்குக் கிடைக்கும் முக்கியமான ஆதாரம் என்று தெளிவாகச் சொல்கிறார்கள். ஒளி எல்ஃப்கள் ஆல்ஃப்ஹெய்ம் என்ற இடத்தில் இருக்கிறார்கள், பார்க்கச் சூரியனைவிட அழகு. டொக்கால்வர், அதாவது இருண்ட எல்ஃப்கள், மண்ணுக்குக் கீழே இருக்கிறார்கள், தாரைவிடக் கறுப்பு. ஸ்நோரி அங்கே சொல்வது கிட்டத்தட்ட இவ்வளவுதான். வேறு இடங்களில் அவரே ஸ்வர்ட்டால்வர், கரிய எல்ஃப்கள், என்று இன்னொரு சொல்லைப் போடுகிறார். அவர்களுடைய உலகம் ஸ்வர்ட்டால்ஃப்ஹெய்ம். ஆனால் அந்த உலகத்துக்கு ஆள் அனுப்பினால் அங்கே இருப்பவர்கள் குள்ளர்கள். அப்படியானால் கரிய எல்ஃப் வேறு, குள்ளர் வேறா, இல்லை இரண்டும் ஒன்றேதானா என்று அறிஞர்கள் இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்நோரியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான் என்பது பலருடைய முடிவு. குறிப்பேடு இந்தக் குழப்பத்தை மூடி மறைக்காமல் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ஒரே பக்கத்தில் சொல்லிவிடுகிறது. இதைச் செய்தவர்கள் படித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

ஒன்பதாம் பக்கத்தில்தான் எனக்கு மனசு ஒப்பவில்லை. அங்கே கரிய எல்ஃப்கள் "இருட்டில் வாழும் தீய சக்திகள்" என்று போட்டிருக்கிறார்கள். ஸ்நோரி அப்படிச் சொல்லவே இல்லை. ஒளி எல்ஃப்களும் இவர்களும் தோற்றத்தில் வேறு, குணத்தில் அதைவிட வேறு என்கிறார். வேறு என்றால் கெட்டவர் என்று ஆகிவிடுமா? எங்கள் ஊர் எல்லையில் கருப்பராயன் கையில் அரிவாளோடு நிற்கிறார். கறுப்பு, கோபக்காரர், ராத்திரியில் அந்தப் பக்கம் போகப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அவரைத் தீய சக்தி என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். உலைக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிறவன் கறுத்துத்தான் இருப்பான். சாயங்காலம் அப்பா கிணற்றடிக்குப் போகும்போது கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளையாகத் தெரியும். அந்த வரியை என் மகள் படித்துவிட்டு, "இவங்க கெட்டவங்களாப்பா?" என்று கேட்டபோது அதை அடித்துவிட்டு மேலே பேனாவில் வேறு எழுதிக் கொடுத்தேன்.

படங்களில் எல்லா எல்ஃபுக்கும் கூர்க்காது. பழைய நூல்களில் காதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, இது பின்னால் வந்த படக்காரர்களின் பழக்கம். பெரிய குற்றமாகச் சொல்லவில்லை, பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது.

ஏழாம் சீட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஃபென்ரிர் என்ற ஓநாயைக் கட்டுவதற்கான கயிறு. இரண்டு இரும்பு விலங்குகளை அது அறுத்துவிட்ட பிறகு ஸ்வர்ட்டால்ஃப்ஹெய்முக்கு ஆள் அனுப்பிக் குள்ளர்களிடம் செய்து வாங்கியது, பெயர் கிளெய்ப்னிர். பூனை நடக்கும் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் தசைநார், மீனின் மூச்சு, பறவையின் எச்சில் என்று ஆறு பொருளால் ஆனது. பட்டு நாடா மாதிரி வழவழப்பாக இருக்குமாம். வரைந்தவர் இந்த ஆறையும் ஒரு மளிகைக்கடைத் தராசுக்குப் பக்கத்தில் ஆறு பொட்டலமாக வைத்திருக்கிறார், பூனைச் சத்தத்தின் பொட்டலம் மட்டும் காலி. இந்த ஒரு சீட்டை வைத்து என் மகள் அரை மணி நேரம் கதை சொன்னாள். பூனை நடந்தால் சத்தம் கேட்பதில்லை அல்லவா, அதை இந்தக் கயிற்றுக்காக எடுத்துவிட்டார்கள் என்று அவளே கண்டுபிடித்தாள். ஸ்நோரியும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறார்.

சரி, பன்னிரண்டாம் சீட்டுக்கு வருகிறேன்.

கதை இது. லோகி என்ற குறும்புக்காரத் தேவன் விளையாட்டாக, இடிக்கடவுள் தோரின் மனைவி சிஃபின் தலைமுடியை வெட்டிவிடுகிறான். தோர் எலும்பை முறித்துவிடுவேன் என்று நிற்க, கரிய எல்ஃப்களிடம் தங்க முடி செய்து வாங்கித் தருவதாகச் சத்தியம் செய்கிறான். ஈவல்டியின் மகன்கள் என்ற குள்ளர்கள் முடியோடு ஒரு கப்பலும் ஈட்டியும் செய்து தருகிறார்கள். அந்தத் தெம்பில் லோகி புரொக் என்ற இன்னொரு குள்ளனிடம், உன் அண்ணன் தம்பி யாரும் இதற்கு நிகராக மூன்று பொருள் செய்ய முடியாது என்று தன் தலையையே பந்தயம் வைக்கிறான். புரொக்கின் சகோதரன் சிந்த்ரி உலையில் ஒரு பன்றித்தோலை வைத்துவிட்டு, நான் வந்து எடுக்கிற வரைக்கும் துருத்தியை நிறுத்தாதே என்று சொல்லிப் போகிறான். ஒரு ஈ வந்து புரொக்கின் கையில் கடிக்கிறது. அவன் நிறுத்தவில்லை. தங்கமயிர்க் காட்டுப்பன்றி வெளியே வருகிறது. அடுத்து தங்கம். ஈ கழுத்தில் இரண்டு மடங்கு கடிக்கிறது. அவன் நிறுத்தவில்லை. ஒன்பதாவது ராத்திரிக்கு ஒருதரம் தன் எடையிலேயே எட்டுக் காப்பு சொட்டும் திரௌப்னிர் என்ற தங்கக் காப்பு வருகிறது. மூன்றாவது இரும்பு. ஈ இரண்டு கண்ணுக்கும் நடுவே உட்கார்ந்து இமையைக் கடிக்க, ரத்தம் வழிந்து கண்ணை மறைக்கிறது. ஒரே ஒரு கணம் கையை எடுத்து ஈயை விரட்டுகிறான். துருத்தி அமுங்கிவிடுகிறது. தோரின் சுத்தியல் மியோல்னிர் காம்பு குட்டையாக வெளியே வருகிறது. அந்த ஈ யார் என்று ஸ்நோரி சொல்லவில்லை. லோகி என்றுதான் படிக்கிறவர்கள் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது சீட்டைப் பாருங்கள். பட்டறைக்கல், அதன் மேல் சிவந்த சுத்தியல், சம்மட்டியை ஓங்கி நிற்கும் திடகாத்திரமான ஒரு ஆள். கீழே "புரோக்கர்" என்று பெயர். அவன் கண்ணுக்கு மேல் ஈ. துருத்தியே இல்லை.

பெயரை முதலில் முடித்துவிடுகிறேன். புரோக்கர் என்றால் இங்கே நிலம் முடித்துக் கொடுப்பவர், என் மகளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். அந்தக் கடைசி "ர்" அவர்கள் மொழியில் எழுவாய்க்கு ஒட்டும் விகுதிதான். "புரொக்" என்று போட்டால் போதும்.

துருத்தி விஷயம் அப்படி லேசானதல்ல. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பெட்டியையும் எடுத்துப் போயிருந்தோம். மகள் கதையைச் சொல்லி முடித்துச் சீட்டை அவளுடைய அப்பாருவின், அதாவது என் அப்பாவின், கையில் கொடுத்தாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சீட்டைத் திண்ணை வெளிச்சத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "ஏங்கண்ணு, துருத்தி இழுக்கறவன எங்க காணம்?" என்றார். அவள் அடிக்கிறவனைக் காட்டினாள். "அவன் அடிக்கறவன் சாமி. ஈ கடிச்சது துருத்திக்காரனையில்ல?" என்றார்.

நான் சொல்ல நினைத்திருந்ததும் அதுதான். எங்கள் பட்டறையில் தோல் துருத்தி. சங்கிலியை இழுத்தால் மேல்பலகை எழும்பும், விட்டால் கல் பாரத்தில் இறங்கி உலைக்குள் காற்று போகும். ஒரே சீராக இழுக்க வேண்டும். பட்டா போட வந்த வண்டி மாடுகள் வேப்பமரத்தடியில் நிற்கும், அதுகளோடு வரும் மாட்டு ஈ உள்ளே வந்து துருத்திக்காரனின் வேர்த்த கழுத்தில்தான் உட்காரும். அவனுக்குத்தான் கை காலியாக இருக்காது. ஒருநாள் கண்ணோரத்தில் கடிக்க, நான் சங்கிலியை விட்டுவிட்டேன். இரண்டு தட்டுத் தட்டுகிற நேரம்தான் இருக்கும். கரியின் வெள்ளைச் சிவப்பு மங்கிப் போனது, அப்பா நுனியை நீட்டிக்கொண்டிருந்த கொழு உலையில் அரைச்சூட்டில் நின்றுவிட்டது. அப்பா திட்டவில்லை. "போச்சு" என்றார், அவ்வளவுதான். சுத்தியலின் காம்பு ஏன் குட்டை என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அது அடித்தவனின் பிழையல்ல, காற்று நின்ற அந்த ஒரு கணத்தின் அளவு. ஓடின், தோர், ஃப்ரேய் என்ற தேவர்கள் மூவரும் உட்கார்ந்து எல்லாவற்றிலும் இந்தச் சுத்தியல்தான் சிறந்தது என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். அந்தத் தீர்ப்பில் துருத்திக்காரனுக்கும் பங்கு உண்டு. அவனைப் படத்திலிருந்து எடுத்துவிட்டு அவன் பெயரை மட்டும் சம்மட்டிக்காரனுக்குக் கொடுத்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அன்று ராத்திரி அப்பா ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் துருத்தியை வரைந்து காட்டினார். மடிப்பு எத்தனை, சங்கிலி எங்கே மாட்டும், காற்றுக்குழாய் மண்ணுக்குள் எப்படிப் போகும் என்று ஒவ்வொன்றாக. மகள் அதைப் பார்த்து, சீட்டின் அளவுக்கே அட்டை வெட்டி, ஒரு குள்ளனையும் கண்ணில் ரத்தத்தையும் வரைந்தாள். எங்கள் பெட்டியில் இப்போது 37 சீட்டுகள்.

அச்சு நன்றாக இருக்கிறது, மழைக்கால ஈரத்திலும் சீட்டு வளையவில்லை. பெட்டியின் மூடி மட்டும் இரண்டு மாதத்தில் ஓரம் பிரிந்துவிட்டது, ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறோம். சீட்டின் தடிமனைப் பார்த்தால் 480 ரூபாய் அதிகமில்லை. செய்தவர்களுக்குத் துருத்தி விஷயத்தையும் ஒன்பதாம் பக்கத்தையும் கடிதமாக எழுதி, அப்பா வரைந்ததைப் படம் பிடித்துக் கூடவே அனுப்பியிருக்கிறேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பந்தயத்தில் தோற்ற லோகி, தலைதான் உங்களுடையது, கழுத்து இல்லை என்று வாதாடித் தப்பிக்க, புரொக் அவன் உதட்டை ஊசியால் குத்தித் தோல்வாரால் தைத்துவிடுகிறான். அது பதினைந்தாம் சீட்டு, படம் ரொம்பவே நேரடியாக இருக்கிறது. எட்டு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் அதை மட்டும் எடுத்து வைத்துவிட்டுக் கொடுங்கள்.