அண்ணன் சேர்த்த மைல்களுக்கு வாரிசு கிடையாதாம்

விமான கம்பெனிக்கு ஐந்துக்கு ஒன்றரை ஸ்டார். ஓட்டலுக்கு நாலு. இரண்டின் பெயரையும் போடவில்லை, மதினிக்கு அதில் விருப்பமில்லை.

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது போர்டில் மட்டும்தான். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், குடும்ப பென்ஷன் என்று விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதில்தான் கடை ஓடுகிறது. யார் வீட்டில் துட்டி விழுந்தாலும் பதினாறு முடிந்த மறுநாள் என் கடை பெஞ்சில் வந்து உட்காருவார்கள். போன ஆடியில் அண்ணன் தவறிப்போய், நானே அந்தப் பெஞ்சில் உட்காரும்படி ஆயிற்று.

அண்ணன் கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்து, பிற்பாடு கரை வேலைக்கு வந்து சூப்பரின்டெண்டென்ட் ஆனவர். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ அங்கே பறந்து போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ராட்டர்டாம், ஹூஸ்டன், டர்பன் என்று சுற்றுவார். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளத்தில் ஏறிச் சென்னை, இல்லாவிட்டால் காரில் நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம். ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் ஜவுளிக்கடை கொடுத்த டைரியில் தேதி, விமான எண், ஏறிய மைல் என்று மூன்று பத்தியாக எழுதுவார். மைல் என்பது பறக்கப் பறக்க விமான கம்பெனி நம் கணக்கில் ஏற்றுகிற புள்ளி, சேர்ந்ததும் காசுக்குப் பதிலாக அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். போர்டிங் பாஸ் துண்டுகளை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். பேண்டு இற்றுப்போய்த் தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "ரிட்டயர் ஆனதும் உங்க மதினியக் கூட்டிட்டு ஒரு சுத்து" என்பார். கணக்கில் இருந்தது 1,38,400 மைல். தங்கிய ஓட்டல்களின் கணக்கில் தனியாக 92,000 பாயிண்ட்.

அண்ணன் மகன் அப்போதே சொன்னான். "சித்தப்பா, அப்பா போன் அம்மாகிட்டதான் இருக்கு. ஓடிபி வரும். யாருக்கும் சொல்லாம டிக்கெட் போட்ருவோம்." மதினி ஒத்துக்கொள்ளவில்லை. "அவுகளே இல்ல, அவுக பேரச் சொல்லிட்டு நான் உள்ள போகவா?" என்றார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தினமும் அடுத்தவர்களுக்குச் சான்று வாங்கிக் கொடுக்கிற நான் சொந்த வீட்டில் திருட்டு வழியில் போகக் கூடாதல்லவா? விமான கம்பெனிக்கு முறையாக எழுதிப் போட்டோம். மறுநாளே கணக்கை முடக்கினார்கள். இந்த ஒரு வேலையைத்தான் அவர்கள் ஒரே நாளில் செய்தார்கள்.

இறப்புச் சான்று கேட்டார்கள், அனுப்பினேன். வாரிசுச் சான்று கேட்டார்கள். அது தாசில்தார் கொடுக்க வேண்டியது, விஏஓ, ஆர்ஐ விசாரணை எல்லாம் தாண்டி வரும். வங்கிக்கு எப்படியும் வேண்டும் என்பதால் ஏற்கெனவே போட்டிருந்தேன், அனுப்பினேன். அடுத்துப் பெயர் பொருந்தவில்லை என்றார்கள். நம் ஊரில் இறப்புச் சான்றில் இனிஷியலும் பெயரும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருப்பார்கள். விமானக் கணக்கு பாஸ்போர்ட்டைப் பார்த்துத் திறந்தது. ஆக, செத்தவர் எங்கள் அண்ணன், மைல் சேர்த்தவர் எங்கள் அப்பா பெயர் கொண்ட வேறு யாரோ. நோட்டரியிடம் அபிடவிட் போட்டு, இருவரும் ஒருவரே என்று அனுப்பினேன்.

அப்புறம்தான் கேட்டார்கள், மற்ற வாரிசுகளிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று கடிதம். மகன் கொடுத்துவிட்டான். இந்து வாரிசுச் சட்டப்படி தாயும் முதல் வகுப்பு வாரிசு. எங்கள் அம்மாவுக்கு 84 வயது, கண் பார்வை மங்கல். கட்டிலில் உட்கார்ந்திருந்தவளிடம் தாளைக் கொண்டுபோய், அண்ணன் சேர்த்த மைல் மதினிக்குப் போக உனக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

"ஏல, எந்த மைல்கல்லுல?" என்றாள்.

விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெருவிரலில் மை தடவிக் கைநாட்டு வாங்கினேன். மையைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தபோதே அவள் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

இவ்வளவுக்கும் பிறகு, பதினோராவது வாரம் பதில் வந்தது. மைல்கள் உறுப்பினரின் சொத்து அல்ல, கம்பெனி அளிக்கும் சலுகை. உறுப்பினர் இறந்ததும் ரத்தாகும், யாருக்கும் மாற்ற இயலாது. விதிமுறையில் இன்ன பிரிவு. போய்ப் பார்த்தேன். உண்மைதான், அண்ணன் கணக்குத் திறந்தபோது 'சம்மதம்' என்று தட்டிய அதே விதிமுறைதான்.

அந்த விதியை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்காவின் டெல்டா கம்பெனியும் இறந்தவர் மைலை மாற்றிக் கொடுப்பதில்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் உயிலில் பெயர் குறிப்பிட்டிருந்தால் கம்பெனி விரும்பினால் மாற்றலாம் என்று வைத்திருக்கிறார்கள். அவரவர் கடை, அவரவர் சட்டம். இல்லை என்பதுதான் பதில் என்றால் அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே! 84 வயதுக் கிழவியிடம் கைநாட்டு வாங்க வைத்துவிட்டா சொல்வது? என் கடையில் ஒரு விண்ணப்பம் தேறாது என்று தெரிந்தால் பத்து ரூபாய் ஜெராக்ஸ்கூட எடுக்க விடமாட்டேன்.

அந்த ஒன்றரை ஸ்டாரும் போனில் பேசிய ஒரு பெண்ணுக்காக. என் இங்கிலீஷைக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறி, "சார், எனக்குத் தெரிஞ்சு இது கிடைக்காது, அலையாதீங்க" என்றது. ஆறாவது வாரம் அது. நான்தான் கேட்கவில்லை.

ஓட்டல் கதை சின்னது. மாரியட், ஹில்டன் மாதிரியான பெரிய குழுமங்களில், இறந்து ஒரு வருஷத்துக்குள் சான்றோடு கேட்டால் பாயிண்டை மாற்றித் தருகிற விதி உண்டு. அண்ணன் தங்கிய குழுமத்திலும் அப்படித்தான். மதினி பெயரில் புதுக் கணக்கு, இறப்புச் சான்று, திருமணப் பதிவுச் சான்று, ஒரு கடிதம். பத்தொன்பதாம் நாள் 92,000-மும் ஏறிவிட்டது. நாலாகக் குறைத்ததற்குக் காரணம், அதற்கப்புறமும் அண்ணன் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பியதுதான்.

கடைக்கு வருகிறவர்களிடம் இப்போது ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன்: விமானம், ஓட்டல், கிரெடிட் கார்டு பாயிண்ட் ஏதாவது உண்டா? வங்கிக் கணக்குக்கு 2025 நவம்பரிலிருந்து நாலு நாமினி வரை போடலாம் என்று வந்துவிட்டது. பாயிண்டுக்கு அண்ணன் கணக்கில் ஒரு நாமினி கட்டம்கூட இல்லை. உயிரோடு இருக்கும்போதே பெண்டாட்டி பிள்ளைகளுக்கு டிக்கெட் போட்டுக் கழித்துவிடுங்கள். கணக்கு இருக்கிற விவரத்தையாவது ஒரு டைரியில் எழுதி வையுங்கள். ஓட்டல் கணக்கு இருந்ததே எங்களுக்கு அந்த டைரியால்தான் தெரியும்.

தை மாதம் மகனைப் பார்க்கச் சென்னை போனபோது மதினி அந்தப் பாயிண்டில் இரண்டு ராத்திரி தங்கினார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் திரும்பி வந்து இறங்கியவர்களை ஜங்ஷனில் போய்க் கூட்டி வந்தேன். எப்படி இருந்தது என்று கேட்டேன். பொங்கலில் மிளகே இல்லையாம், மெத்தை முதுகு வலியாம். வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து காகிதம் பிரிக்காத இரண்டு குட்டி சோப்பை எடுத்து, அலமாரியில் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து உள்ளே போட்டார்கள். அண்ணன் ஊர் ஊராகக் கொண்டுவந்த சோப்பு அதில் பாதி டின் கிடக்கிறது.