வேலை உத்தரவாதம் என்று சொல்லி என் பெயரில் வாங்கப்பட்ட கடன்

பி.காம். கடைசித் தேர்வு முடிந்த மறுவாரமே கோவை காந்திபுரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. ‘நிதிப் பகுப்பாய்வு, நான்கே மாதம், நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்று கல்லூரிப் பேருந்து நிறுத்தத்தில் தட்டி வைத்திருந்தார்கள். கட்டணம் 78,000 ரூபாய்.

சோமனூரில் கூலிக்குத் தறி ஓட்டும் அப்பா, தொகையைக் கேட்டதும் எழுந்துவிட்டார். “உட்காருங்கள் அப்பா, மாதம் 6,500 தான். வட்டியே கிடையாது” என்றார் எதிரே இருந்த பெண். ஆதார், பான் அட்டைகளைப் படம் எடுத்தார். டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். என் போனுக்கு வந்த ஓடிபியைத் தானே பார்த்து அடித்துக்கொண்டார். “வெறும் சேர்க்கைப் பதிவுதான்” என்றார். அப்பாவுக்கு டீ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அது கடன் என்பது முதல் தவணைக்கு வங்கியிலிருந்து பணம் பிடிக்கப்பட்ட அன்றுதான் தெரிந்தது. ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் கடன் எழுதி, முழுத் தொகையையும் நிலையத்துக்கு அனுப்பியிருந்தது. அதன்பின் வகுப்பு நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன? தவணை தவறினால் அடிபடுவது, அடுத்த கடனுக்கு வங்கிகள் பார்க்கும் என் சிபில் மதிப்பெண். வணிகச் சட்டத் தாளில் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தைக் கரைத்துக் குடித்து 81 மதிப்பெண் வாங்கியவள் நான். ‘சுதந்திரமான ஒப்புதல்’ பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன்!

எக்செல் சொல்லிக்கொடுத்தவர் நல்ல ஆசிரியர். சம்பளம் வரவில்லை என்று இரண்டாம் மாதம் நின்றுவிட்டார். மீதிப் பாடமெல்லாம் பழைய வீடியோக்கள்.

பிறகு ‘வேலை’ வந்தது. முதலாவது, காப்பீட்டுத் திட்டம் விற்பது. சம்பளம் இல்லை, கமிஷன் மட்டும். இரண்டாவது, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று நாள் முழுக்கத் தொலைபேசியில் கேட்பது. மூன்றாவது, நாளைக் காலை பத்து மணிக்குப் பெங்களூருவில் நேர்காணல் என்று இரவு ஒன்பதரைக்கு வந்த தகவல். நான் போகவில்லை. “உங்களுக்கான மூன்று வாய்ப்புகளும் முடிந்துவிட்டன, மேடம்” என்றார்கள். ஒப்பந்தத்தை அப்போதுதான் வரிவரியாகப் படித்தேன். ‘மூன்று நேர்காணல்களுக்கு ஏற்பாடு செய்து உதவப்படும்’ என்று இருந்தது. தட்டியில் இருந்த ‘உத்தரவாதம்’ அதில் எங்கேயும் இல்லை.

சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ்களைப் பார்த்துத்தான் அப்பா நம்பினார். ஐஎஸ்ஓ 9001 நிர்வாக முறைக்குத் தரப்படுவது. பாடத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அசோகச் சின்னத்தோடு இருந்தது உத்யம் பதிவு. சிறுதொழில் செய்யும் எவரும் சுய உறுதிமொழி கொடுத்து இணையத்தில் இலவசமாகப் பெறலாம். அப்பாவுக்குத் தறி சொந்தமாக இருந்தால் அவருக்கும் கிடைக்கும்.

நானாக விண்ணப்பித்த ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில், என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்ஐஎஸ்எம் தேர்வு எழுதியிருக்கிறீர்களா?” என்று கேட்டார்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு தொடங்கிய நிறுவனம் நடத்தும் தேர்வு அது. அதற்கான கட்டணம் என் ஒரு மாதத் தவணையில் பாதிகூட வராது. அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது வந்த ஆத்திரம், கடன் என்று தெரிந்த நாளில்கூட வரவில்லை.

அந்த நாற்காலியில் நீங்கள் இப்போது உட்கார்ந்திருந்தால், ஓடிபியை யார் கையிலும் கொடுக்காதீர்கள். ‘இது கடனா, கடன் கொடுப்பவர் யார்’ என்று எழுத்தில் கேளுங்கள். கையெழுத்துப் போட்டாயிற்றா? ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் நெறிமுறைப்படி, கடனின் முழு விவரத்தையும் காட்டும் அறிக்கையை உங்களுக்குத் தந்தாக வேண்டும். அபராதமின்றிக் கடனிலிருந்து விலகவும் குறுகிய அவகாசம் உண்டு. எனக்கு வந்த மின்னஞ்சலில் அது இருந்தது. நான் திறந்தே பார்க்கவில்லை.

முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தேன். நிலையம் பதிலே தரவில்லை. பிறகு மாவட்ட ஆணையத்துக்குப் போனேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. தட்டியைப் படம் எடுத்து வைக்காததுதான் என் பெரிய தவறு. நான் போய்ப் பார்த்தபோது கழற்றிவிட்டிருந்தார்கள்.

போன மாதம் புதிய தட்டி வைத்திருக்கிறார்கள். அதில் வேலை பெற்றவர்கள் வரிசையில் இரண்டாவதாக என் படம், கீழே ‘ஆண்டுக்கு 3.6 லட்சம்’. அந்த வழியாகப் போன அப்பா அதைப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். மனுவோடு அதையும் இணைத்திருக்கிறோம்.