வலிப்புக்கென்றே ஒரு ஓ.பி.: மதுரை கிளினிக்கில் நான் கண்டது

எனக்கு வயது 36. விருதுநகரில் ஒரு எண்ணெய் மில்லில் கணக்கு எழுதுகிறேன். கல்லூரி இரண்டாம் வருடத்திலிருந்து வலிப்பு இருக்கிறது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சனிக்கிழமை தோறும் வலிப்பு நோயாளிகளுக்கென்றே தனி ஓ.பி. நடக்கிறது. கொஞ்ச காலமாக அங்கேதான் பார்க்கிறேன். மருத்துவமனையின் பெயரைப் போடப்போவதில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அடுத்த மாதம் அதே பெஞ்சில் போய் உட்காரவும் வேண்டும்.

நரம்பு டாக்டர் யாராக இருந்தாலும் வலிப்புக்கு மருந்து எழுதத்தான் செய்வார், அதற்குத் தனியாக ஒரு கிளினிக் எதற்கு என்று என் மாமனார் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் முன்பு பார்த்த இடத்தில் முதுகுவலி, பக்கவாதம், ஒற்றைத் தலைவலி எல்லோரும் ஒரே வரிசை. உள்ளே போனால் ஒரே கேள்வி: "விழுந்தீங்களா?" விழவில்லை என்றால் "நல்லது, மாத்திரையைத் தொடருங்க". முடிந்தது. பல வருடம் அப்படியே ஓடியது.

விழவில்லை என்பது உண்மைதான். ஆனால் வாரத்துக்கு ஓரிரு முறை எனக்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் காணாமல் போகும். பேரேட்டில் எழுதிக்கொண்டிருப்பேன், அப்புறம் பார்த்தால் பேனா கோடு இழுத்துக்கொண்டு பக்கத்தின் ஓரத்துக்குப் போயிருக்கும். எதிரே இருப்பவர் பேசியது எதுவும் காதில் விழுந்திருக்காது. மில்லில் சிலர் எனக்குத் திமிர் என்று நினைத்தார்கள். இதுவும் வலிப்புதான், கை கால் வெட்டி இழுக்காத வகை வலிப்பு என்று எனக்கு முதலில் சொன்னவர்கள் இந்த கிளினிக்கில்தான்.

முதல் தடவை பெரிய டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு இளம் டாக்டர் உட்காரவைத்து முக்கால் மணி நேரம் கேட்டார். அதில் பாதி நேரம் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைத்தான் கேட்டார். எனக்கு நினைவில்லாததை நான் எப்படிச் சொல்ல முடியும்? என்னிடம் கேட்டது தொடக்கத்தை மட்டும். வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி நெஞ்சுக்குழி வழியாகத் தொண்டைக்கு ஏறும், அதற்கு மேல் தெரியாது என்றேன். பக்கவாட்டில், கன்னப்பொட்டுக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியில் கிளம்பும் வலிப்புக்கு இது நல்ல அடையாளமாம்.

அப்புறம் ஒரு வேலை கொடுத்தார்கள். அடுத்த முறை வரும்போது போனில் வீடியோ எடுத்து வரணும். "முகத்தை மட்டும் எடுக்காதீங்க, ரெண்டு கையும் தெரியணும். பேர் சொல்லிக் கூப்பிடுங்க. நடுவுல ஏதாவது ஒரு வார்த்தை சொல்லி வையுங்க, தெளிஞ்ச பிறகு அது ஞாபகம் இருக்கான்னு கேளுங்க." என் வீட்டுக்காரர் 'கத்தரிக்காய்' என்று சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது. வீடியோவில் அவர் கத்தரிக்காய், கத்தரிக்காய் என்று கத்துவதும், நான் வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு எங்கோ பார்ப்பதும் இருக்கிறது. பெரிய டாக்டர் அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். என் வலது கை முந்தானையை உருட்டிக்கொண்டே இருக்கிறது, இடது கை முறுக்கிக்கொண்டு விறைத்து நிற்கிறது. முடிந்ததும் வலது கையால் மூக்கைத் துடைக்கிறேன். "பார்த்தீங்களா, வலது பக்கம்தான் போல" என்றார். மூக்கைத் துடைக்கிற கையை வைத்து மூளையில் எந்தப் பக்கம் என்று யூகிக்கலாம் என்பதை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். அந்த ஓ.பி.க்குக் கொடுத்த காசுக்கு எனக்கு அதுவே போதும்.

ஈஈஜி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், வலிக்குமா என்று. வலிக்காது, ஷாக்கும் கிடையாது. மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்கிறார்களே தவிர எதையும் உள்ளே அனுப்புவதில்லை. சங்கடம் வேறு. தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வார்கள். எண்ணெய் மில்லில் வேலை பார்க்கிறவளுக்கு அதைவிடக் கஷ்டம் என்ன? முந்தின இரவு அரைகுறையாகத்தான் தூங்கணும். டெக்னீஷியன் பெண் டேப் வைத்து மண்டையை அளந்து, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்து, மணல் மாதிரி நறநறவென்ற ஒரு களிம்பைத் தேய்த்து, அதன் மேல் பசை வைத்து இருபதுக்கு மேல் ஒயர் ஒட்டினார். கண்ணை மூடச் சொல்லி, வேக வேகமாக மூச்சு விடச் சொல்லி, முகத்துக்கு நேரே விளக்கை மின்ன விட்டார்கள். அந்தப் பசை இரண்டு குளியலுக்கும் போகாது. சீயக்காயைவிட ஷாம்பு தேவலை.

சாதாரண ஈஈஜி ஒழுங்காக இருந்தால் வலிப்பு இல்லை என்று அர்த்தமில்லை. அந்த அரை மணி நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான். அதனால் என்னை வீடியோ ஈஈஜிக்கு அட்மிட் பண்ணச் சொன்னார்கள். தலையில் ஒயர், மேலே கேமரா, வலிப்பு வருகிற மாதிரி இருந்தால் அழுத்தக் கையில் ஒரு பட்டன். மாத்திரையை அவர்கள் கண்காணிப்பிலேயே குறைத்து, வலிப்பு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். (வீட்டில் இதைச் செய்துபார்க்க வேண்டாம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பில் கொண்டுபோய் விடும்.) விடியற்காலையில் வந்தது. சிஸ்டர் ஓடிவந்து பேர் கேட்டு, கையைத் தூக்கச் சொல்லி, பேனாவைக் காட்டி இது என்ன என்று கேட்டதெல்லாம் பதிவில் இருக்கிறது. வலது பக்கம்தான் என்று உறுதியானது. ஒரு நாளைக்கு அறை வாடகையோடு 12,000 ரூபாய் பக்கம் ஆனது. எங்கள் காப்பீட்டில் கொஞ்சம் கிடைத்தது. ஓ.பி. செலவுக்கு ஒரு பைசா கிடையாது.

எம்ஆர்ஐயும் மறுபடி எடுத்தார்கள். வேறு ஊரில் எடுத்த பழைய ஸ்கேனில் 'நார்மல்' என்று போட்டிருந்தது. இந்த முறை காந்த சக்தி கூடுதலான 3 டெஸ்லா மெஷினில், வலிப்புக்கென்று இருக்கிற முறைப்படி, சந்தேகப்பட்ட இடத்தை மெல்லிசு மெல்லிசாக வெட்டிப் பார்த்தார்கள். வலது ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருப்பது தெரிந்தது. நினைவுக்கான பகுதி அது. டாக்டர் இரண்டு பக்கத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எனக்கே வித்தியாசம் தெரிந்தது. இன்ன இடத்தைப் பார் என்று எழுதி அனுப்பினால்தான் ஸ்கேன் எடுப்பவரும் அங்கே பார்ப்பார்.

மருந்து விஷயத்தில் இவர்கள் சொன்னது கசப்பான சங்கதி. சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்தைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்கிறார்கள். 2010இல் சர்வதேச வலிப்பு மருத்துவர் அமைப்பு வகுத்தது இது. மூன்றாவது, நான்காவது மருந்தில் முழுக்க நிற்பதற்கு வாய்ப்பு குறைவு. என் மாதிரி கேஸில் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம் என்று சொல்லி, ஃபைலைத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் இருக்கும் நிறுவனம் அது. 1995 முதல் வலிப்புக்கான மூளை அறுவை சிகிச்சை அங்கே நடக்கிறது. தங்களால் முடியாததை முடியும் என்று சொல்லிப் பிடித்து வைத்துக்கொள்ளாத தனியார் ஆஸ்பத்திரி எனக்குப் புதுசு.

பெண்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. நான் முன்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தது வேல்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் யாரும் கேட்காததை இங்கே முதல் நாளே கேட்டார்கள்: "குழந்தை பத்தி யோசனை இருக்காம்மா?" கர்ப்ப காலத்தில் அந்த மருந்து குழந்தையின் முதுகுத்தண்டையும் பிற்பாடு அறிவு வளர்ச்சியையும் பாதிக்கக்கூடும். அதனால் லெவிடிராசிட்டம் என்ற வேறு வலிப்பு மருந்தை ஏற்றிக்கொண்டே அதைப் படிப்படியாகக் குறைத்தார்கள், ஃபோலிக் அமிலமும் ஆரம்பித்தார்கள். வலிப்புள்ள பெண்களின் கர்ப்பத்தைப் பதிவு செய்து தொடர்ந்து கவனிப்பதற்கென்றே கேரளத்தில் 1998 முதல் ஒரு பதிவேடு இருப்பதையும், பெரும்பாலானவர்களுக்குக் குழந்தை நல்லபடியாகவே பிறப்பதையும் அப்போதுதான் சொன்னார்கள். என் அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். புது மருந்தில் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது. "வீட்டுல எரிஞ்சு விழுறாங்களா?" என்று டாக்டர் கேட்டபோது என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு "அவ்வளவா இல்ல சார்" என்றார்.

நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சலர் அம்மா நல்லவர். 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பையும் மனநோயோடு சேர்த்துத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்தார்கள், 1999இல்தான் எடுத்தார்கள் என்று அவர் சொன்னபோது பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். மகளுக்கு வரன் தேடுகிறாராம். ஆனால் இதையெல்லாம் பேச கவுன்சலர் அம்மாவுக்கு ஒரு அறை கிடையாது. நடைபாதை ஓரத்தில் ஒரு மேசை. அங்கே உட்கார்ந்து யார் மனம் விட்டுப் பேசுவார்கள்?

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை தவிர மற்ற நாளில் சந்தேகம் கேட்க ஆளே இல்லை. மருந்து மாற்றிய வாரம் உடம்பில் தடிப்பு மாதிரி தெரிந்தது. வலிப்பு மருந்துகள் சிலவற்றில் தடிப்பு ஆபத்தானது என்று அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். போன் பண்ணினால் ரிசப்ஷன் பெண் "சனிக்கிழமை வாங்க" என்கிறார். நல்லவேளை, அது வேர்க்குரு. கீழே மருந்துக் கடையில் இன்னொரு கூத்து. கம்பெனியை மாற்ற வேண்டாம் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தும் வேறு கம்பெனி மாத்திரையை நீட்டி "எல்லாம் ஒண்ணுதான் மேடம்" என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சண்டை. எல்லாவற்றையும்விட, வலிப்பு நோயாளிகள் மட்டுமே வருகிற தளத்தின் கழிப்பறையில் வழுவழுப்பான டைல்ஸ், உள்ளே தாழ்ப்பாள், வெளியிலிருந்து திறக்க வழி இல்லை. கருத்துப் பெட்டியில் எழுதிப் போட்டேன். அடுத்த முறை போனபோது சோப்பு வைக்கும் தட்டு புதுசாக இருந்தது.

காத்திருப்பும் அதிகம். கன்சல்டிங் முதல் முறை 1,000, அப்புறம் 700. சுவரில் ஒட்டியிருக்கும் முதலுதவிப் படம் தமிழில் தெளிவாக இருக்கிறது: சாவி கொடுக்காதே, வாயில் எதையும் திணிக்காதே, ஒருக்களித்துப் படுக்க வை, மணி பார், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். அதைப் போனில் படம் எடுத்து மில் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வலிப்பு நிற்காமல் நீண்டால் மூக்கில் அடிக்கிற மிடசோலம் மருந்து ஸ்பிரேயை எப்படிப் பயன்படுத்துவது என்று சிஸ்டர் என் வீட்டுக்காரருக்குப் பழக்கிக் காட்டினார். ஒன்று வீட்டில், இன்னொன்று முதலாளி மேசை டிராயரில். ஸ்கூட்டி ஓட்ட மட்டும் டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. லைசென்ஸுக்கான படிவம் 1லேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள். பொய் எழுதச் சொல்ல மாட்டேன் என்றார்.

யார் போகலாம்? மூன்று பேரில் இரண்டு பேருக்கு மாத்திரையிலேயே வலிப்பு கட்டுப்பட்டுவிடும். அப்படி நின்றுபோனவர்கள் இங்கே வந்து பணம் கட்ட வேண்டியதில்லை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே நரம்பியல் பிரிவு இருக்கிறது, மாத்திரைக்கும் காசு இல்லை. இரண்டு மருந்து பார்த்தும் நிற்காதவர்கள், குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள், வந்தது வலிப்புதானா என்றே குழப்பத்தில் இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். வலிப்பு மாதிரியே தோன்றி வேறு காரணத்தால் வருகிறவையும் உண்டு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பிக்கு வீடியோ ஈஈஜிக்குப் பிறகு வலிப்பு மாத்திரையையே மெல்ல நிறுத்திவிட்டார்கள்.

போகிறவர்கள் ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோகாமல் பழைய ஸ்கேன் படத்தை சிடியோடு கொண்டுபோங்கள். இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்பு வரும்போது கூட இருந்து பார்த்தவர் ஒருவர் கட்டாயம் வரணும். காலை மாத்திரையையும் சாப்பாட்டையும் தள்ளிப்போட வேண்டாம், டோக்கன் வாங்கினால் மதியம் இரண்டு மணி கூட ஆகலாம். கேன்டீனில் பொங்கல் சீக்கிரம் தீர்ந்துவிடும், எலுமிச்சைச் சாதம் இருக்கும். விருதுநகர் பக்கமிருந்து வருகிறவர்கள் திருமங்கலம் தாண்டியதும் டோல்கேட்டில் பஸ் நிற்கிற நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள்.