பூவரசு மரம், பிரம்பு முதுகு: நாலு வருஷம் உக்காந்து பாத்த அனுபவம்

நேத்து ராத்திரி மறுபடியும் டப்புன்னு சத்தம், நான் செஞ்ச சேரோட முதுகுல பிரம்பு இழை அறுந்துடுச்சு, அதே இடம்தான், மேல இடது பக்கத்துல இருந்து நாலாவது ஓட்டை. மூணாவது தடவை. போன வாரம்தான் மச்சான் போன் பண்ணி "மாப்ள, நானும் ஒரு சேர் செய்யலாம்னு இருக்கேன், முதுகுக்கு ரெடிமேட் பின்னல் ஷீட்டு போடவா இல்ல கையாலயே பின்னவா"ன்னு கேட்டான், கையால பின்னுன்னு அடிச்சு சொன்னேன், இப்ப யோசனையா இருக்கு.

மரத்த பத்தி ஒரு குறையும் இல்ல. பூவரசு, நல்லா காஞ்ச வைரப்பகுதி மட்டும் எடுத்தோம், மூட்டு எல்லாம் துளை போட்டு நாக்கு எறக்கினது, ஆணியே கிடையாது, நாலு வருஷத்துல ஒரு மூட்டு கூட ஆடல. கூட நின்னு சொல்லிக்கொடுத்த ஆசாரிக்கு அதுக்கே கும்பிடு போடணும்.

முதுகு 15க்கு 12 இஞ்ச், அரை இஞ்சுக்கு ஒரு ஓட்டைன்னு சுத்தி 108 ஓட்டை. பிரம்பு கொள்ளிடம் பக்கம் தைக்கால் போய் வாங்கிட்டு வந்தேன். தண்ணில கால் மணி நேரம் ஊற வச்சு, நேரா ரெண்டு இழை, குறுக்க ரெண்டு, அப்புறம் சாய்வா ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, அந்த சாய்வு இழை ஓடும்போதுதான் கண்ணு கண்ணா வடிவம் தெரியும், அந்த நிமிஷம் இருக்கே, சொன்னா புரியாது. மே மாசம் கரண்ட் போன மத்தியானம் இதுல சாஞ்சா சட்டை முதுகுல ஒட்டாது, காத்து உள்ள பூந்து வெளிய போகும். லேசா தொய்ஞ்சா பின்பக்கம் ஈரத்துணி வச்சு துடைச்சு விட்டா போதும், காய காய தானா விறைப்பாயிடும். ஆபீஸ்ல ரெக்சின் சேர்ல எட்டு மணி நேரம் உக்காந்துட்டு வர்றவனுக்கு இது பெரிய விஷயம்.

ஆனா அந்த நாலாவது ஓட்டை! ட்ரில் போடும்போது அங்க ஒரு மரக்கணு, பிட் சறுக்கி பின்பக்க விளிம்பு கத்தி மாதிரி நின்னுடுச்சு. முன்பக்கம் 108 ஓட்டையும் உப்புத்தாள் சுருட்டி விட்டு மழுக்கினேன், பின்னாடி யாரு பாக்கப்போறான்னு விட்டுட்டேன். பிரம்பு ஒரு ஓட்டையில இருந்து அடுத்த ஓட்டைக்கு தாவுறதே பின்பக்கம்தான், சாயும்போதெல்லாம் அந்த விளிம்பு அறுத்துட்டே இருக்கு. ஒரு இழைய மட்டும் ரெண்டு தடவை ஒட்டு போட்டேன், நிக்கல. ஓட்டை முழுக்க இழை அடைச்சிருக்கறதால அரம் உள்ள போகவும் வழியில்ல.

அதனால மச்சான், நான் சொன்னத மறந்துடு, முதுகுக்கு பின்னல் இல்லாம நீட்டு நீட்டா மரப்பலகையே வச்சுக்கோ. இல்ல பின்னித்தான் ஆவேன்னு நின்னா, முதல் இழை ஓட்றதுக்கு முன்னாடி ரெண்டு பக்க விளிம்பையும் விரல் விட்டு தடவிப் பாரு. எனக்கு ஞாயித்துக்கிழமை முழு முதுகையும் அவுக்கற வேலை இருக்கு.